தராசு யார் கையில்?

சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்துவரும் நம் மக்களுக்குத் தராசின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விற்பவன் தன் கடைத் தராசில் நிறுத்தால், அவன் எத்துணை நேர்மையாளனாயினும் வாங்குபவன் கண் முள்ளின் மீதே இருக்கும். இருவருக்கும் பொதுவான எடைமேடையில் நிறுத்தாலோ வழக்கிற்கு இடமில்லை. இவ்வுண்மை நம் பிள்ளைகள் இணையத்தில் ஆடும் ஆட்டங்களுக்கும் பொருந்துமாற்றை இத்திங்கள் ஆராய்வோம்.

ஆட்டந்தானே என்று பெரியோர் இதனை ஒதுக்கிவிடலாகாது. ஆரியசாலையில் வாழும் சிறுவன் நாகர்கோவிலில் உள்ள மாமன் மகனோடும், துபாயில் பணிபுரியும் தமையனோடும், சிங்கப்பூரில் வளரும் சித்தி மகளோடும் மாலைப்பொழுதில் கூடும் முற்றம் இன்று பெரும்பாலும் இதுவே. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களாகிய நமக்கு, அம்முற்றத்தின் சாவி யாரிடம் உள்ளது என்பது சிறிய செய்தியன்று.

பலர் கூடி ஆடும் ஆட்டத்தில் யார் எங்கு நின்றார், யார் முதலில் சுட்டார் என்பதை முடிவு செய்ய ஒரு நடுவர் வேண்டும். அந்நடுவரை அமைக்கும் முறைகள் இரண்டு. ஆட்டத்திற்கென்றே ஒதுக்கிய கணினியை ஒரு நிலையத்தில் நிறுவி, ஆடுவோர் அனைவரையும் அதனோடு இணைப்பது ஒரு முறை. இதனைத் தனி சர்வர் என்பர். அத்தகைய கணினி இல்லாமல், ஆடுவோர் கருவிகளே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும், அவருள் ஒருவர் கருவியே நடுவராக அமைவதும் மற்றொரு முறை.

இரண்டாம் முறையே முன்னர்ப் பெரிதும் வழங்கியது. 1993இல் வெளிவந்த டூம் என்னும் ஆட்டத்தில் ஒவ்வொரு கணினியும் தன் செய்தியை மற்றவற்றிற்கு நேரே அனுப்பியது. ஆகவே மிக மெதுவான கணினிக்காக ஏனையோர் காத்திருக்க நேர்ந்தது. அன்றியும், நால்வர் ஆடினால் இணைப்புகள் ஆறு. எண்மர் ஆடினால் இருபத்தெட்டு. 1996இல் வந்த குவேக், நடுவே ஒரு சர்வரை வைத்து இச்சிக்கலை அவிழ்த்தது.

ஆடுவோருள் ஒருவரே நடுவராகும்பொழுது வேறு குறைகளும் உண்டு. அவர் கருவிக்கும் நடுவருக்கும் இடையே தூரமே இல்லை. ஆகவே அவர் கை முந்தும். அவர் வீட்டில் மின்சாரம் போனால் ஆட்டம் முழுவதும் குலையும், அல்லது புதிய நடுவரைத் தேடி இடையில் நிற்கும். நேரே இணைவதால் ஒருவர் வீட்டின் இணைய முகவரி மற்றவர்க்குத் தெரியவரும். தோற்ற சினத்தால் அவ்விணைப்பையே முடக்க முயலும் தீயோரும் உளர். கைப்பேசி இணைப்புகளிலோ ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து நேரே இணைவது பல வேளை இயலாமற் போகும். ஃபார் ஹானர் என்னும் ஆட்டம் 2017இல் இம்முறையில் வெளிவந்து, ஆடுவோர் குறை கூறிய பின்னர், 2018இல் தனி சர்வருக்கு மாறியது.

அங்ஙனமாயின் தனி சர்வரே எவ்வாற்றானும் சிறந்ததோ எனின், அன்று. முதலாவது, அது எங்கே உள்ளது என்று பார்த்தல் வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். திருவனந்தபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் சென்னை சுமார் 620 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,000. சென்னைக்குச் சென்று மீள 6 மில்லிநொடி போதும். சிங்கப்பூருக்கோ 30 வேண்டும். கம்பிகள் வளைந்து செல்வதாலும் இடைநிலையங்களில் தங்குவதாலும் உண்மையில் இவை இன்னும் மிகும். அடுத்தடுத்த தெருவிலுள்ள இருவர் ஆடும் ஆட்டம் கடல் கடந்து சென்று மீள்வது வீண் அலைச்சலன்றோ? வாலரண்ட் ஆட்டத்திற்கு 2020இல் மும்பையில் சர்வர் அமைந்தபொழுது நம் நாட்டு இளைஞர் மகிழ்ந்ததன் காரணம் இதுவே.

இரண்டாவது, சர்வரை உடையவர் அதனை அணைக்கவும் வல்லவர். 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்னும் ஆட்டத்தின் சர்வர்கள் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வாங்கியோர் கையில் இருந்தது வெறும் தட்டே ஆயிற்று. இதனை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் ஐரோப்பியர் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

நம் நாட்டுச் செய்தியும் உண்டு. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் பப்ஜி மொபைலும் ஒன்று. பயனர் தரவுகள் இந்தியாவிற்கு வெளியேயுள்ள சர்வர்களுக்கு முறையின்றி அனுப்பப்படுவதாக வந்த புகார்களை அரசு எடுத்துக்காட்டியது. அக்டோபர் 30இல் அதன் சர்வர்கள் இந்தியருக்கு மூடப்பட்டன. அத்தடையின் நன்மை தீமை ஒருபுறமிருக்க, கூடியிருந்த தோழர் கூட்டம் ஒரே நாளில் கலைந்தது என்பது மெய்.

ஆகவே, எம்முறை நன்று என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. எதற்கு என்று கேட்டே விடை காணல் வேண்டும். வெற்றி தோல்வியும் பரிசும் உள்ள போட்டியாயின், பொது எடைமேடையே வேண்டும். நம் சங்கம் இளைஞர்க்குப் போட்டி வைக்குமாயின், ஒருவர் வீட்டுக் கருவியை நடுவராக்காமல், சென்னையிலோ மும்பையிலோ உள்ள சர்வரில் நடத்துவதே முறை. உறவினர் நால்வர் உவகைக்காகக் கூடுவதாயின் அவர்தம் கருவிகளே போதும். அங்கே சிறு ஏற்றத்தாழ்வை அன்பு நிரவிவிடும். ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டிய குடும்பக் களமாயின், மைன்கிராஃப்ட் போல, சர்வரைத் தாமே நடத்த இடந்தரும் ஆட்டமே ஏற்றது. அதனை மூடும் உரிமை பிறரிடம் இராது. ஆனால் வாயிற்கதவைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதே. அறிந்தவர் பெயரை மட்டும் பட்டியலிட்டு அனுமதித்தல் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை ஓர் ஆட்டத்தை விலைக்குக் கேட்கும்பொழுது, விலையை மட்டும் வினவாமல் மூன்றினை வினவுக: சர்வர் எங்கே உள்ளது? அதனை நடத்துவோர் யார்? அவர் மூடிவிட்டால் வாங்கியது பயன்படுமா? இவற்றிற்கு விடை தேடும் பிள்ளை, ஆட்டத்தோடு உலகியலையும் கற்பான். தராசைப் பார்த்து வாங்கும் பழக்கம் நம் கடைத்தெரு நமக்குத் தந்த செல்வம். அதனை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது நம் கடன்.