அருளும் அறிவும்

மயில் குளிரால் நடுங்குகின்றது என்று எண்ணிய வள்ளல் பேகன், தன் போர்வையை அதற்கு ஈந்தான். அப்போர்வையை மயில் உடுத்தவோ போர்த்தவோ அறியாது என்பதை அவன் பொருட்படுத்தவில்லை. பழந்தமிழ்ச் சான்றோர் அத்தகைய ஈகையைக் கொடைமடம் என்று கூறிப் பாராட்டினர். அவன் உள்ளத்தில் சுரந்த அருளே அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியது. அப்போர்வையால் மயிலுக்குக் கேடு விளையவில்லை. ஆயின், ஆராயாது செய்யும் அருள் எல்லா இடத்திலும் இங்ஙனம் தீங்கின்றி முடிவதில்லை. காக்க நீளும் கையே கேடு செய்யும் இடங்களும் உண்டு.

சென்னைக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்துள்ள நிலப்பகுதி, ஏரிகளும் வயல்களும் புதர்க்காடுகளும் நிறைந்திருந்த பகுதியாகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலை எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இத்தொழில்கள் வாழ்வளிக்கின்றன. ஆனால், ஆலைகள் வந்தன என்பதற்காக அங்கு வாழ்ந்த உயிர்கள் அனைத்தும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அணில் கூரையிடுக்கில் கூடு கட்டுகின்றது. மைனா சுவர்ப் பொந்தில் குஞ்சு பொரிக்கின்றது. ஆட்காட்டி சரளைக்கல் பரப்பிய வெற்றிடத்தில் முட்டையிடுகின்றது.

ஆட்காட்டிப் பறவையின் வாழ்க்கை வியப்புக்குரியது. அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு குழியே அதன் கூடு. பெரும்பாலும் 4 முட்டைகள் இருக்கும். அவை கல்லோடு கல்லாகத் தோன்றும். ஏறத்தாழ 4 வாரம் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். வெயில் மிகுந்தால், வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. பொரித்த குஞ்சு விரைவிலேயே எழுந்து ஓடும். தன் இரையைத் தானே கொத்தித் தின்னும். ஆபத்து நெருங்கினால், தாயின் குரல் கேட்டு, அசையாமல் தரையோடு தரையாகப் படுத்துவிடும். அதைக் காண்பவர், ‘பாவம், தாயற்ற குஞ்சு, நடக்கவும் வலிமையில்லை’ என்று எண்ணி வீட்டிற்கு எடுத்துச் செல்வாராயின், அது மீட்பு ஆகுமோ? தலைக்குமேல் கதறிக் கொண்டு பறக்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்த செயலே ஆகும்.

பிற உயிர்களிடத்தும் இந்நிலையைக் காணலாம். முயல் தன் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டு அகன்று நிற்கும். பாலூட்டும் வேளையில் மட்டுமே வந்து செல்லும். தாய் அருகிலேயே இருந்தால் பகைவிலங்கு எளிதில் இடமறியும் அன்றோ? சென்னை கிண்டிப் பகுதியில் வாழும் புள்ளிமானும் தன் கன்றைப் புதரில் கிடத்திவிட்டு மேயச் செல்லும். இறகு முளைத்த மைனாக் குஞ்சு, பறக்கப் பழகும் நாள்களில் தரையில் தத்தித் திரியும். பெற்றோர் அங்கேயே வந்து இரையூட்டும். இவற்றிற்கு வேண்டுவது உதவி அன்று, தனிமையே. நாயையும் பூனையையும் சற்று விலக்கிவிட்டுத் தொலைவில் நின்று காண்பதே இவற்றிற்குச் செய்யத்தக்க நன்மை.

அப்படியாயின், உதவி வேண்டும் காலம் எது? குருதி வடிதல், எலும்பு முறிதல், பூனையின் பல் படுதல், எறும்போ ஈயோ மொய்த்தல், தாய் அருகே இறந்து கிடத்தல், கம்பியிலோ குழியிலோ சிக்குதல் ஆகியவை ஐயத்திற்கு இடமில்லாத அடையாளங்கள். இறகு முளையாத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், அதனைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. காயமுற்ற உயிரைக் காற்றுப் புகும் பெட்டியில் மெல்லிய துணி விரித்து வைத்து, வெளிச்சமும் ஓசையும் இல்லாத இடத்தில் வைத்து, வனத்துறையினருக்கோ கால்நடை மருத்துவருக்கோ அறிவித்தல் வேண்டும். பசுவின் பாலை ஊட்டுதலும், குஞ்சின் வாயில் நீர் வார்த்தலும் கூடா. நீர் மூச்சுக்குழலில் புகுந்தால் உயிரே போய்விடும்.

‘இயற்கை தன் வழியே நடக்கட்டும், மனிதன் ஏன் தலையிட வேண்டும்?’ என்று வினவுவாரும் உளர். பருந்து குஞ்சைக் கவர்ந்து செல்வது இயற்கை. மூடாது விட்ட கழிவுநீர்க் குழியில் முயற்குட்டி வீழ்வதும், மாஞ்சா நூலில் பறவையின் சிறகு அறுபடுவதும் இயற்கையோ? மனிதனால் நேர்ந்த துன்பத்தைத் தீர்த்தல் மனிதனின் கடன். அக்கடனைக் காயம் பட்ட பின் மட்டுமே நினைப்பது போதாது. குழிகளுக்கு மூடி இடுதல், மரத்தைக் கூடு கட்டும் பருவம் கழிந்த பின் வெட்டுதல் ஆகியவையே பெரிய உதவிகளாம். ஒரு பறவைக்காக ஆலையின் வேலையை நிறுத்த இயலுமா என்று கேட்கலாம். ஆட்காட்டியின் கூடு ஒரு சாண் இடமே. அதைச் சுற்றி 4 குச்சிகளை நட்டு, மண்வாரி எந்திரத்தை 4 வாரம் சற்று விலக்கி ஓட்டினால் எவ்வேலையும் கெடாது.

இத்தகைய வாழ்வு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று தடுத்து நின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் கண்டறிந்தனர். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டுமுற்றத்து மரங்களிலும் பறவைகள் அச்சமின்றிக் கூடு கட்டுகின்றன. கூட்டினின்று வீழ்ந்த குஞ்சுகளை எடுத்துப் பேணிய அன்பும் அவ்வூருக்கு உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. இவர்கள் அருளோடு அறிவும் உடையவர்கள். எப்போது நெருங்க வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள்.

ஆலைகளின் அருகே வளரும் இளைஞர்க்கும் அவ்வறிவு வேண்டும். புல்லில் அசையாது கிடக்கும் குட்டியைக் கண்டவுடன் கையை நீட்டாமல், முதலில் நின்று நோக்குதல் வேண்டும். தாய் வருமாயின் மெல்ல விலகிச் செல்லலாம்; காயம் தெரியுமாயின் விரைந்து காக்கலாம். நோக்கிய பின் செய்யும் உதவியே உயிரைக் காக்கும்.