முதல் காட்சிக்குப் புறப்படும் சாம்பல் குதிரை

கேள்வி: “போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை வாங்கினேன். ஒன்பது வயது என்றார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் அதற்குத் தீனி போட்டு, தேய்த்துவிட்டு, ஏறி ஓட்டியும் பழகியிருக்கிறாள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் இன்னும் ஆறு வாரத்தில் குதிரைக் காட்சி நடக்கிறது. அதில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறாள். இதுவரை இரண்டு பேரும் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. எப்படித் தயார் செய்வது? குதிரை பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய என்ன போட்டுக் கழுவலாம்? காட்சியில் பேர் வாங்கினால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். மகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. வாலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஒரு கட்டி இருக்கிறது. காட்சிக்கு முன் அதைச் சுட்டு எடுத்துவிடலாம் என்கிறார் தரகர். செய்யலாமா?”
– வாசகர், பவானி வட்டாரம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுடாதீர்கள். அறுக்காதீர்கள். நூல் கட்டி இறுக்கவும் வேண்டாம். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பயிர் படித்தவன். மருத்துவம் என் வேலை இல்லை. ஆகவே எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சாம்பல் குதிரை பிறக்கும்போது சாம்பலாக இருப்பதில்லை. கறுப்பு, செம்பழுப்பு என ஏதோ ஓர் அடர்ந்த நிறத்தில் பிறந்து, வருடம் போகப்போக மயிர் நரைத்து, கடைசியில் வெள்ளையாகிவிடும். ஆனால் மயிருக்குக் கீழே தோல் கறுப்பாகவே இருக்கும். இளஞ்சிவப்புத் தோலுடன் வெள்ளையாகவே பிறக்கும் நுக்ரா குதிரை வேறு, இது வேறு. நரைக்க வைக்கும் அதே மரபுக்கூறுதான் தோலில் நிறம் தரும் செல்களையும் பெருகச் செய்கிறது. 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கறுப்புக் கட்டி வந்துவிடும். வாலின் அடி, ஆசனவாய், உதடு, காதுக்குக் கீழே என்று இருக்கும். பல குதிரைகளில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். சிலவற்றில் பெருத்து, உடைந்து, உள்ளுறுப்புக்கும் பரவும். எது எப்படிப் போகும் என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டால் கட்டியின் வேர் போகாது. ஆறாத புண்தான் மிஞ்சும். அதில் ஈ மொய்க்கும், புழு வைக்கும். இப்போதே கட்டியின் அளவை நூலால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள்.

இனி ஆறு வாரக் கணக்குக்கு வருவோம்.

முதல் வாரம்: மருத்துவர் கட்டியைப் பார்க்கும்போதே பல், குளம்பு, குடற்புழு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும். பல குதிரைகள் கூடும் இடத்துக்குப் போவதால் ‘கிளாண்டர்ஸ்’ நோய்க்கான ரத்தப் பரிசோதனை பற்றியும் பேசுங்கள். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. முடிவு வர நாளாகலாம் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். காட்சி நடத்துபவர்கள் என்னென்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

இரண்டு, மூன்றாம் வாரம்: சத்தத்துக்குப் பழக்குங்கள். வீட்டில் சாதுவாக நிற்கும் குதிரை, பம்பையும் உறுமியும் ஒன்றாக முழங்கும்போது சாதுவாக நிற்கும் என்று சொல்ல முடியாது. குதிரையின் முதல் தற்காப்பே ஓட்டம்தான். செல்போனில் மேளச் சத்தத்தை மெதுவாக வைத்து, தீனி தின்னும் நேரத்தில் தூரத்தில் ஒலிக்க விடுங்கள். காது நிமிர்ந்து பிறகு தளர்ந்து, மறுபடி தின்னத் தொடங்கினால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். குடை விரிப்பது, கொடித்துணி படபடப்பது, பைக் கடந்து போவது எல்லாவற்றையும் இப்படியே பழக்கலாம். மகள் கீழே நின்று தலைக்கயிற்றைப் பிடித்திருக்க முதலில் பழகட்டும். அதன்பின் ஏறி உட்கார்ந்து. பயந்தால் அடிக்கக் கூடாது. அடித்தால், அந்தச் சத்தம் வந்தாலே வலி வரும் என்று குதிரை கற்றுக்கொள்ளும்.

நாலாம் வாரம்: வண்டியில் ஏறப் பழக்குங்கள். காட்சியன்று காலையில் நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்து ஏற்றினால், அன்றைய நாள் அங்கேயே கெட்டுவிடும். ஒரு மண்மேட்டை ஒட்டி டெம்போவை நிறுத்தி, தரையில் வழுக்காமல் மணலும் வைக்கோலும் பரப்பி, உள்ளே தீனி வையுங்கள். இன்று முன்னங்கால் மட்டும், நாளை முழு உடம்பு, அதற்கடுத்த நாள் ஊரைச் சுற்றி ஒரு நடை.

ஐந்தாம் வாரம்: குளம்பைச் சீவி லாடம் அடிக்க இதுதான் நேரம். காட்சிக்கு ஏழு, பத்து நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆணி கொஞ்சம் உள்ளே இறங்கி நொண்டினாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். கடைசி வாரத்தில் புதிய சேணம், புதிய கடிவாளம், புதிய தீனி எதுவும் வேண்டாம். முள் வைத்த கடிவாளம் எப்போதுமே வேண்டாம்.

தினமும் அரை மணி முதல் முக்கால் மணி வரை ஓட்டினால் போதும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. நேராக நடப்பது, சொன்ன இடத்தில் நிற்பது, இரண்டு பக்கமும் வட்டம் சுற்றுவது, அமைதியாகப் பின்னால் இரண்டு அடி வைப்பது ஆகியவை சரியாக வந்தால் முதல் காட்சிக்கு அதுவே நிறைவு. பின்னங்காலில் நிற்பது, ஆட்டம் எல்லாம் இப்போது தேவையில்லை.

தீனி என் பாடம். அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குதிரைக்கு இரைப்பை சிறியது. வாந்தி எடுக்கவும் முடியாது. தெம்பு வரட்டும் என்று கடைசி நாட்களில் கொள்ளையும் சோளத்தையும் அள்ளிப் போட்டால் வயிற்று வலியில்தான் முடியும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு தினமும் 5 முதல் 6 கிலோ காய்ந்த புல் அடிப்படை. கொள்ளை ஊறவைத்து வேகவைத்து, இப்போது கொடுக்கும் அளவிலேயே கொடுங்கள். தண்ணீர் நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தேவைப்படும்.

உங்கள் பக்கம் கொழுக்கட்டைப் புல்லும் கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லும் அதிகம். மாட்டுக்கு அவை அருமையான தீனி. குதிரைக்கு அவற்றை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால், அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எலும்பை நலியச் செய்யும். முகம் வீங்கும், கால் நொண்டும். இதற்கு ஈடு செய்ய, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசாலைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது. ஆனால் நாம் அதை மாட்டுக்குத்தான் போடுகிறோம். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைக்கொடியும் லாயத்துப் பக்கமே வரக் கூடாது. மிக முக்கியமாக, கோழித் தீவன மூட்டையைக் குதிரை எட்டாத இடத்தில் வையுங்கள். கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமல் இருக்கச் சில தீவனங்களில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, கொஞ்சம் உள்ளே போனாலும் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

இப்போது வெளுப்புக்கு வருவோம். சாம்பல் குதிரை அழுக்காகத் தெரியக் காரணம் பெரும்பாலும் இரவில் லத்தியிலும் மூத்திரத்திலும் படுப்பதுதான். லாயத்தில் உலர்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, ஈரமானதைக் காலை மாலை அள்ளிவிடுங்கள். தினமும் இருபது நிமிடம் தேய்த்துவிட்டால் தோலின் எண்ணெய் மயிரில் ஏறி இயற்கையாகவே மினுக்கும். துணி சோப்பும் பிளீச்சிங் பவுடரும் அந்த எண்ணெயை எடுத்துத் தோலைப் புண்ணாக்கும். சொட்டு நீலம் கை தவறினால் ஊதா வாலோடுதான் போய் நிற்க வேண்டும். காட்சிக்கு முதல் நாள் வெயில் இருக்கும்போது மிதமான ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டால் போதும். கால் மூட்டிலும் பின்பக்கத்திலும் மஞ்சள் கறை கொஞ்சம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

மகளுக்கும் தயாரிப்பு வேண்டும். குதிரையேற்றத்துக்கென்றே விற்கும் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பைக் ஹெல்மெட் கனம் கூடியது, பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். குதிகால் வைத்த ஷூ போட்டால் கால் அங்கவடிக்குள் முழுக்க நுழைந்து சிக்காது. கயிற்றையோ கடிவாள வாரையோ கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஏறும் முன் ஒரு முறை, ஏறிப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை வயிற்று வாரைச் சரிபார்க்க வேண்டும். துப்பட்டா வேண்டாம்.

காட்சியன்று வீட்டுத் தீனியையும் வீட்டு வாளியையும் கொண்டு போங்கள். பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டாம். நோய் அங்கேதான் கை மாறும். இரண்டு மணி நேரம் முன்பே போய், கையில் பிடித்து மைதானத்தைச் சுற்றிக் காட்டுங்கள். முன்காலால் தரையைத் தோண்டினாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, படுத்து உருண்டாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். மிரண்டு கட்டுக்கடங்காமல் போனால் மகள் இறங்கிவிடட்டும். களத்துக்குள் போகாமலே திரும்பி வருவதும் தோல்வி அல்ல. இதையும் முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக விற்பனை. குதிரை உங்களுடையது, குடும்பத்தின் தேவையும் உங்களுக்குத்தான் தெரியும். விற்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவளிடம் சொல்லாமல் விற்காதீர்கள். நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிவிட்டு வந்து பார்த்தால் கட்டுத்தறி காலியாக இருந்தது. நான் வளர்த்த காளைக் கன்றை அப்பா அன்று காலையில் சந்தைக்கு ஓட்டியிருந்தார். கடனுக்காகத்தான் என்று பின்னால் புரிந்தது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நானே சந்தைக்குக் கூடப் போயிருப்பேன். இப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வெறும் முளைக்குச்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆகவே காட்சிக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். விற்பதாக முடிவானால் வாங்குபவரிடம் கட்டியைக் காட்டி, நீங்கள் அளந்து எழுதிய தாளையும் கொடுங்கள். சுட்டு மறைத்து விற்றால் கூடக் கொஞ்சம் பணம் வரலாம். ஆனால் அதைச் சுடும்போது குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள உங்கள் மகளைத்தானே கூப்பிடுவீர்கள்?

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மகளுக்கும் குதிரைக்கும் என் வாழ்த்துகள்.