கரை திரும்பும் வழி



"இலண்டனில் படிக்கும் மகன், விடுமுறை நாளில் நண்பர்களோடு கடற்கரை ஊருக்குப் போய் வருகிறானாம். தடுக்கட்டுமா, சாமி?" என வினவினார் ஒரு தாய்.

தடுக்க வேண்டாம், அம்மா. அயல்நாட்டுத் தனிமைக்கு நட்பே அருமருந்து. ஆயினும் ஒன்று சொல்லுங்கள். 2016 ஆகஸ்டு 24 அன்று, இலண்டனிலிருந்து கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குச் சென்ற தமிழ் இளைஞர் ஐவர் கடலில் மாண்டனர். அங்கே கடல் வற்றும் வேளையில் மணல்திட்டுகள் தோன்றும். ஏறும் நீரோ திட்டின் பின்புறப் பள்ளங்களை நிரப்பி, கரை திரும்பும் வழியை அடைத்துவிடும். அன்று அங்கு உயிர்காப்பாளர் எவருமில்லை.

அந்நாட்டில் சிவப்பு மஞ்சள் கொடிகளே காவலர் நிற்குமிடத்தின் அடையாளம். அவற்றினிடையே மட்டும் நீந்தட்டும். சிக்கினால் பதறாமல் மல்லாந்து மிதக்கட்டும்.

போன அத்தனை பேரும் ஒன்றாய்த் திரும்புவதே நட்பின் அறம்.