‘நான்’ என்று எழுதியது யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஹைதராபாத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு முழு சார்ட் தாளைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் மறுநாள் காலை ‘ஃபேமிலி ட்ரீ’ ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வகுப்பின் வாட்சாப் குழுவில் அன்று மாலைதான் செய்தி வந்திருந்தது. அத்தான் கடை கடையாக ஏறி இறங்கிச் சார்ட்டும் பச்சை வண்ணத்தாளும் வாங்கிவந்தார். ஜெராக்ஸ் கடை மூடுவதற்குள் கைபேசியிலிருந்த புகைப்படங்களை அச்செடுத்தும் கொண்டுவந்தார். வீட்டுக் கணக்கில் அவருடைய பங்கு அத்துடன் முடிந்தது. குழந்தை ஒன்பதரைக்கே தூங்கிவிட்டாள். அக்கா இலைகளை வெட்டினாள். நான் பெயர்களை எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு மரம் தயாராயிற்று. நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிளைகளுக்குப் பழுப்பு நிறத்தில் நிழல்கூடத் தீட்டியிருந்தோம்.

காலையில் வாயில் பல்துலக்கியுடன் வந்து நின்று அதைப் பார்த்தாள். மரத்தடியில் அவள் புகைப்படம். அதன் கீழே ஆங்கிலத்தில் ‘மீ’ என்று என் கையெழுத்து. சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சித்தி, ‘மீ’னு நீங்கதான எழுதினீங்க? அப்ப இது நீங்களா?”

தன்மைச் சுட்டு பேசுபவரையே குறிக்கும் என்பதை முதுகலை முதற்பருவத்தில் எங்களுக்கு ஒரு வாரம் கற்பித்தார்கள். ஆறு வயதுப் பெண் பல் துலக்கிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டாள். அந்தச் சார்ட்டில் அவளுடைய கை எங்கும் படவில்லை. ஆகவே அதிலிருந்த ‘நான்’ அவளுடையது அல்ல. அன்று மாலை அந்தச் சார்ட்டுக்கு ஒரு பொன்னிற நட்சத்திரம் கிடைத்தது. அக்காவும் நானும் மகிழ்ந்தோம் என்று சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

சிறு பிள்ளைகளுக்குத் தரப்படும் கைவேலை குறித்து நம் கல்விப்புலத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. ‘செயல்வழிக் கற்றல்’, ‘அனுபவவழிக் கற்றல்’ என்னும் சொற்கள் எல்லாப் பள்ளிகளின் விளம்பரத் தாள்களிலும் உள்ளன. ஆனால் வீட்டுக்கு வரும் ‘ப்ராஜெக்ட்’ என்பது பெரும்பாலும் குழந்தை உறங்கியபின் தாய்மார்கள் செய்து முடிக்கும் பொருள். பள்ளிக்குத் தேவைப்படுவது சுவரில் ஒட்டத்தக்க ஒரு பொருள். குழந்தைக்குத் தேவைப்படுவதோ அப்பொருளைச் செய்யும்போது நிகழும் குழப்பமும் கேள்வியும் பேச்சும். முதலாவது நள்ளிரவில் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது நிகழவே இல்லை. என் கருத்து இதுதான்: இரண்டாம் வகுப்பு வரையிலாவது கைவேலையை வீட்டுக்கு அனுப்புவதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும், வகுப்பறையிலேயே, குழந்தைகளின் கைகளாலேயே, அவர்கள் மொழியிலேயே அது நடக்க வேண்டும்.

விதிகளைப் பார்த்தால் இதில் புதிதாகக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று 2018 மே மாதத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. அதோடு நிற்காமல், முந்தைய மாலையை வீட்டில் எப்படிக் கழித்தோம், என்ன விளையாடினோம், என்ன சாப்பிட்டோம் என்று இவ்வகுப்புப் பிள்ளைகளை வகுப்பில் பேசவைக்கலாம் என்றும் அது பரிந்துரைக்கிறது. மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஆனால் ‘ப்ராஜெக்ட்’ என்று பெயர் மாற்றிவிட்டால் அது வீட்டுப்பாடம் ஆகாது என்று நடைமுறையில் ஒரு புரிதல் உருவாகிவிட்டது.

அந்த மரத்துக்கே திரும்ப வருகிறேன். அதில் சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

பள்ளி அனுப்பிய மாதிரிப்படத்தில் தாத்தாக்கள் இருவருக்கும் ஒரே சொல், பாட்டிகள் இருவருக்கும் ஒரே சொல். ஓரத்தில் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’. அதன்படி நான் என் படத்தின் கீழே ‘ஆன்ட்டி’ என்று எழுதினேன். அத்தானின் தங்கை படத்தின் கீழும் அதையே எழுதினேன். எங்கள் வீட்டில் நான் சித்தி, அவர் அத்தை. குழந்தைக்கு ‘ஆன்ட்டி’ என்றால் பள்ளி வேனில் கதவருகே நிற்கும் பெண், கீழ்வீட்டில் குடியிருப்பவர். அவளுக்கு யாரும் கற்பிக்காமலே தெரிந்த ஒரு வேறுபாட்டை நான் என் கையால் அழித்தேன்.

இது சொல்வளம் பற்றிய புலம்பல் அன்று. தாயின் உடன்பிறந்தாளைச் சின்னம்மா, பெரியம்மா என்று தாய்வரிசையில் வைப்பதும், தந்தையின் உடன்பிறந்தாளை அத்தை என்று வேறு வரிசையில் வைப்பதும் திராவிட மொழிகளின் உறவுமுறை இலக்கணத்துக்கே அடிப்படை. சித்தி மகன் அண்ணனோ தம்பியோ ஆவான். அத்தை மகன் ஆகமாட்டான். லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உறவுமுறைச் சொற்களை உலக அளவில் தொகுத்து ஒப்பிட்டபோது அதில் தமிழுக்கும் தெலுங்குக்கும் முக்கிய இடம் இருந்தது. தாமஸ் டிரவுட்மன் 1981இல் ‘திராவிட உறவுமுறை’ என்று ஒரு முழு நூலே எழுதினார். ஒரு துறை நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் அமைப்பை ஒன்றாம் வகுப்புச் சார்ட் ஒன்று பத்து நிமிடத்தில் தட்டையாக்கிவிடுகிறது. அந்த வகுப்பில் இருக்கக்கூடிய வீட்டுமொழிகளை எண்ணிப் பாருங்கள். தெலுங்கில் பின்னியும் அத்தவும் வேறு. உருதுவில் காலாவும் பூப்பியும் வேறு. இந்தியில் மௌசியும் புவாவும், மராத்தியில் மாவ்ஷியும் ஆத்யாவும், கன்னடத்தில் சிக்கம்மாவும் அத்தெயும் வேறுவேறுதான். இவ்விருவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழி அந்தப் பிள்ளைகளில் எவருடைய வீட்டிலும் இருக்க வாய்ப்பில்லை. பள்ளியின் மொழி மட்டுமே அப்படி அழைக்கிறது.

ஓர் ஆசிரியை இதே மரத்தை வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு வரையச் செய்து, “உன் அம்மாவுடைய தங்கையை நீ எப்படிக் கூப்பிடுவாய்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தால், கரும்பலகையில் ஐந்தாறு மொழிகள் வந்து நின்றிருக்கும். புதிய கல்விக் கொள்கை 2020, இயன்ற இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்கிறது. ஹைதராபாத் போன்ற பலமொழி நகரத்தில் அது எப்படிக் கைகூடும் என்று கருத்தரங்குகளில் நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். முழுமையாகக் கைகூடுமா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரு மரத்தில் ஐந்து மொழிகளை எழுதுவதற்கு எந்தக் கொள்கையும் தேவையில்லை. (தந்தையோ தாயோ இல்லாத பிள்ளைக்கும், புகைப்படமே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்தச் சார்ட் என்ன செய்கிறது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி எதுவும் கேட்கவில்லை. ஏதோ பொருள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை அவள் தானாகவே எடுத்துக்கொண்டு, அதை வீடாக்கப் போவதாக அறிவித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொடுத்தது தவிர வேறொன்றும் செய்யவில்லை. சன்னலுக்குத் திரையாக ஒட்டுவதற்கு ஒரு தாளை மடித்தாள். அது கோணலாகக் கிழிந்தது. “கிழிஞ்சிட்டு” என்றாள். ஹைதராபாத்தில் பிறந்து வளரும் பிள்ளையின் வாயில் இந்த நெல்லைப் பக்கத்து முடிவைக் கேட்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. சற்றுக் கழித்து, அந்தக் கோணல் வடிவம் மலைபோல் இருப்பது தெரிந்ததும், வேறொரு தாளை எடுத்து வேண்டுமென்றே அப்படிக் கிழித்துவிட்டு, “இதை நானாக் கிழிச்சேன்” என்றாள்.

கிழிதல், கிழித்தல். உடைதல், உடைத்தல். உருளுதல், உருட்டுதல். மடங்குதல், மடக்குதல். தமிழ் வினைகளில் பெரும்பகுதி இப்படி இணையிணையாக நிற்பதைக் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று பகுத்து விளக்கினார். 1979இல் வெளிவந்த அவருடைய ஆங்கில ஆய்வுநூல் இன்றும் இத்துறையில் தவிர்க்க இயலாதது. வகுப்பில் இதை வல்லெழுத்து இரட்டித்தல் பற்றிய செய்தியாகப் படித்தோம். அட்டைப்பெட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தபோது அது பொறுப்பு பற்றிய செய்தியாகவும் தெரிந்தது. தானாக நேர்ந்ததற்கும் தான் செய்ததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்தப் பெண் ஒரே மணி நேரத்தில் பலமுறை கடந்து போய் வந்தாள். எத்தனை முறை என்று கேட்காதீர்கள்; பதிவுக்கருவியை எடுக்காமல் ஒருநாள் சித்தியாக மட்டும் இருப்போம் என்று முடிவு செய்திருந்தேன்.

குழந்தைகள் பெயர்ச்சொற்களை முதலிலும் வினைச்சொற்களைப் பின்னருமே கற்கிறார்கள் என்று டெட்ரே ஜென்ட்னர் 1982இல் வாதிட்டார். மாண்டரின் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த ட்வைலா டார்டிஃப் 1996இல் அது எங்கும் பொருந்தாது என்று காட்டினார். விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டு வினை மட்டும் தனித்து நிற்க இயலும் என்பதை நாம் அறிவோம். கைவேலையின் நடுவில் கேட்கும் பேச்சு முழுவதும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது: “புடி, மடி, இன்னும் மடி, விடாத, ஒட்டு, அழுத்து.” படப்புத்தகத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்கும்போது பெயர்ச்சொல் கிடைக்கிறது. கையில் பசை ஒட்டும்போதுதான் வினைச்சொல் வருகிறது. நறுக்குவது, சீவுவது, அரிவது, கிள்ளுவது, பிய்ப்பது ஆகியவற்றின் வேறுபாட்டை அகராதியிலிருந்து எந்தக் குழந்தையும் கற்றதில்லை. கீரை ஆயும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றவையே அவை.

மறுதரப்பை அலட்சியம் செய்ய முடியாது. நாற்பது பிள்ளைகளையும் நாற்பது கத்தரிக்கோல்களையும் ஒரே ஆசிரியை கட்டி மேய்ப்பது எளிதன்று. சுவர் வெறுமையாக இருந்தால் மேலிருப்பவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். கோணல்மாணலான சார்ட்டுகளைப் பார்த்து, ‘இதற்கா இவ்வளவு கட்டணம்?’ என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. நாங்கள் நிழல் தீட்டியது குழந்தைக்காக அல்ல, மற்ற அம்மாக்களுக்காக என்பதை அக்காவே மறுநாள் ஒப்புக்கொண்டாள். பொருள் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. அரவிந்த் குப்தா ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலமாகத் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் பழைய செய்தித்தாளையும் வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று காட்டிவருகிறார். அவர் உருவாக்கிய பொம்மைகளின் செய்முறைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் சிறப்பு, முதல் முறை சரியாக வராமல் போவதுதான். தெர்மாகோல் கோள்களையும் மினுமினுப்புத் தூளையும் கடையில் வாங்கி ஒட்டும்போது பிழை நேர இடமே இல்லை.

வீட்டிலேயே குழந்தையைச் செய்யவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்டார்கள். விடலாம். ஆனால் குழந்தை தானே செய்யும்போது பத்து நிமிட வேலை இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 97 நிமிடங்கள். அவ்வகை வேலைகளில் ஈடுபடுவதாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ‘பெற்றோர் பங்கேற்பு’ என்று பள்ளிகள் எழுதும்போது அந்தச் சொல்லுக்குப் பால் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் அது பெண்பாலாகிவிடுகிறது. செய், செய்வி என்று நம் இலக்கணத்தில் ஒரு வேறுபாடு உண்டு. இந்தப் ‘ப்ராஜெக்ட்’களில் செய்விப்பது பள்ளி, செய்வது அம்மா. குழந்தைக்குப் பயனிலையிலும் இடமில்லை, எழுவாயிலும் இடமில்லை.

நேற்று மாலை குழுவில் அடுத்த செய்தி வந்தது: திங்கட்கிழமைக்குள் ‘நமக்கு உதவுவோர்’ சார்ட். இம்முறை தன் மகள் செய்வதைத்தான் அனுப்பப்போவதாகவும், அது கோணலாக இருக்கும் என்றும், இயன்றால் வருங்காலத்தில் இவற்றை வகுப்பிலேயே செய்யவைக்கும்படியும் அக்கா பணிவாக எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் மூன்று முறை படித்துக் காட்டினாள். ஆசிரியையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். ஏழு பேரும் அம்மாக்கள்.

குழந்தை கூடத்தில் உட்கார்ந்து யாரையோ வரைந்துகொண்டிருக்கிறாள். வேன் ஆன்ட்டி என்கிறாள். பசை இன்னும் காயவில்லை.