பழைய கார் வாங்கினால் காகிதத்தையும் சேர்த்து வாங்குங்கள்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் வந்தான். ஆவடிப் பக்கம் வேலை, வீட்டில் கைக்குழந்தை. "சார், ஒரு மாருதி 800 எழுபதாயிரத்துக்கு வருது. வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பழைய காரை பிரெஞ்சில் 'வுவாத்யூர் தொக்காசியோன்' என்பார்கள். 'ஒக்காசியோன்' என்றால் சந்தர்ப்பம், வாய்ப்பு என்றும் பொருள். பழசு என்ற சொல்லே அதில் கிடையாது. அந்த வாய்ப்பு வாங்குகிறவருக்கா, புரோக்கருக்கா என்பதுதான் கேள்வி.

வாங்கலாம் என்பதுதான் என் கட்சி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். பாகம் வேண்டுமென்றால் பாடியில் கடைகள் உண்டு; அங்கே இல்லாவிட்டால் புதுப்பேட்டை. மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி.யில் ஆட்டோவுக்குக் கெஞ்சுகிற குடும்பத்துக்கு இது ஆடம்பரம் இல்லை.

ஆனால் நம் பக்கத்தில் வண்டி பார்க்கும்போது முதலில் வெள்ளத்தை நினைக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நாம் பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பூ நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரை நம்பாதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக்கி வைத்துக் காட்டுகிறவர் எதையோ மறைக்கிறார்.

வாங்கிய பிறகு ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட், கூலன்ட் நான்கையும் உடனே மாற்றிவிடுங்கள். முன்னவர் மாற்றினார் என்ற பேச்சே வேண்டாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருதான் மிஞ்சும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே பாருங்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். நான் அடிபட்டது காகிதத்தில்.

2013-ல் என் காரை ஒரு புரோக்கரிடம் விற்றேன். ஃபாரம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயர் இல்லாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "பார்ட்டி கிடைச்சதும் மாத்திடறேன் சார்" என்றார். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பியவன் நான். காசை எண்ணி வாங்கிய சந்தோஷத்தில் அதெல்லாம் மறந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. அந்தக் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்து அவர் கால் போய்விட்டது. ஓட்டியவரை எனக்குத் தெரியாது. இன்ஷூரன்ஸ் காலாவதி. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது என் பெயர். பூந்தமல்லி நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தேன். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி அதற்கே போயிற்று. ஒருநாள் அந்த மனிதரும் ஊன்றுகோலோடு அதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கோபப்பட வேண்டியது நானா அவரா என்று எனக்கே புரியவில்லை. பேசாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற வேண்டும். பல கை மாறிய ஒரு கார் வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. அது அநியாயம் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. காலை இழந்தவர் யாரைத் தேடி அலைவார்? பதிவேட்டில் உள்ள பெயரைத்தானே?

அதனால் பையனிடம் சொன்னேன்: "ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார். கடன் பாக்கி, அபராதம் பாக்கி உண்டா என்று பார். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவு புதுப்பித்திருக்கிறார்களா என்று கேள். இன்ஷூரன்ஸை உன் பெயருக்கு மாற்று. பெயர் மாறும் வரை கொஞ்சம் பணத்தை நிறுத்தி வை."

"விக்கிறவர் ஒத்துக்கலேன்னா சார்?"

"அப்போ அது உனக்கு வந்த வாய்ப்பு இல்லைப்பா."

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க நானும் போகிறேன், டார்ச் லைட்டோடு.