தெரிவு செய்யப்படவில்லை

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரத்துக் கடையொன்றில் நிழற்பிரதி எடுப்பதற்காகக் காத்து நின்றேன். அங்கே ஓர் அம்மா வாழ்வாதார உதவி ஒன்றுக்காக இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். கணினியில் இருந்தவர் கடைப் பையன். பக்கம் முழுவதும் நல்ல தமிழ். அடையாள அட்டையின் பிரதியை இணைக்கும் இடத்தில் மட்டும் ஆங்கிலத்தில் 'நோ ஃபைல் சோசன்' என்றிருந்தது.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"தெரிவு செய்யப்படேல்லை எண்டு கிடக்கு அம்மா."

"அப்ப இந்த முறையும் இல்லையா?" என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பையன் ஓடிப்போய் விளக்கி அவரை மீண்டும் இருத்தினான். வன்னியில் 'தெரிவு' என்ற சொல்லின் கனம் வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. 2009க்குப் பின்னர் வீட்டுத் திட்டம், வாழ்வாதாரம், கடன் என எதுவாயினும் பயனாளிகள் தெரிவு என்றொரு பட்டியல் வரும். அதில் பெயர் இல்லாதவர் தெரிவு செய்யப்படாதவர். கோப்பு இன்னும் இணைக்கப்படவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் உலாவி பேசியது அந்தப் பட்டியலின் மொழியை.

இந்தப் பெட்டியின் கதை பழையது. படிவத்தின் வழியே கோப்பு அனுப்பும் முறையை 1995 நவம்பரில் செராக்ஸ் நிறுவனத்தின் நெபெல், மாசிண்டர் ஆகிய இருவரும் ஆர்எஃப்சி 1867 என்ற ஆவணத்தில் முன்வைத்தனர். பெட்டியின் தோற்றம் உலாவிகளின் கையில் விடப்பட்டது. குரோம் பொத்தானில் ஒன்றை எழுதுகிறது, ஃபயர்ஃபாக்ஸ் வேறொன்றை எழுதுகிறது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ எழுதும் கட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தது. அச்சுக்கூடத்தில் வளர்ந்த எனக்கு இது விந்தை. நாங்கள் கட்டிய பக்கம் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் ஒரே பக்கமாகத்தான் இருந்தது. (பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் இணையப் பக்கம் கிறுக்கலாய்த் தெரிந்த காலத்தை நண்பர்கள் நினைவூட்டுவார்கள். ஒப்புக்கொள்கிறேன்!)

உலாவிகள் இதில் இறுக்கமாயிருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. நம் கணினியிலுள்ள கோப்பை நாமே தொட்டுத் தெரிந்தாலன்றி எந்தத் தளமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் பொத்தானில் உள்ள சொல்லுக்கும் என்ன தொடர்பு? பக்கம் தமிழ் என்று வடிவமைப்பாளர் அறிவித்தாலும் பொத்தான் உலாவியின் மொழியிலேயே பேசும். 13ஆவது திருத்தம் 1987இல் தமிழை அரசகரும மொழியாக்கியது. அந்தப் பொத்தானை எந்தத் திருத்தமும் எட்டவில்லை.

வடிவமைப்பாளர்கள் பல ஆண்டுகளாக இதனோடு மல்லுக்கட்டினார்கள். உண்மைப் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாதபடி மேலே வைத்து, கீழே தமது அழகிய பொத்தானைக் காட்டும் உத்தியை நெதர்லாந்துக்காரரான பீட்டர் பால் கோக் தமது குவர்க்ஸ்மோட் தளத்தில் விளக்கியிருந்தார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் முக்கிய உலாவிகள் பொத்தானுக்கு நிறமும் உருவமும் கொடுக்கும் நேர்வழியைத் திறந்தன. நிறம் மாற்றலாம், சொல்லை மாற்ற முடியாது! எல்லா உலாவியிலும் ஒரே நீலம் வந்ததாலே அந்த அம்மாவுக்கு என்ன பயன்?

ஆகவே தமிழில் படிவம் அமைப்போர் பழைய வழியையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். பெட்டியை ஒளியூடுருவச் செய்து, அதற்குரிய லேபிளில் 'அடையாள அட்டையின் படத்தை இணைக்கவும்' என்று எழுதுங்கள். பெட்டியை அடியோடு அகற்றி மறைத்தால் விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் அதை அடைய முடியாது போகும். போரில் கண்ணிழந்தவர்கள் வாழும் மண்ணுக்கு அது சிறு குறையன்று. பெட்டியை மறைத்தால் கோப்பின் பெயரும் சேர்ந்து மறையும். அதைச் சில வரி நிரலால் நீங்களே காட்டவேண்டும். 'இணைக்கப்பட்டது' என்ற சொல்லும், முடிந்தால் படத்தின் சிறு உருவும் தெரியட்டும்.

கோப்பின் அளவையும் முன்னரே சொல்லிவிடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் 3, 4 மெகாபைட் வரும். அந்த அம்மாவின் படம் முதல் இரு தடவையும் அதனால்தான் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் திரையில் பழைய வாசகமே வந்து நின்றது. பையன் அதை மொழிபெயர்க்காமல், "பொறுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னான்.