48 மணி நேரத்துக்குப் பிறகு?

தலையில் அடிபட்டவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும், பிசியோதெரபி கொடுக்கப் போகும் என்னிடம் வீட்டார் முதலில் நீட்டுவது மருந்துச் சீட்டைத்தான். “மூளைக்கு நல்ல மாத்திரைதானே சார்?” என்பார்கள். சீட்டில் பெரும்பாலும் சிட்டிகோலின் இருக்கும். நகையை அடகு வைத்து அதை வாங்கும் வீடுகளும் உண்டு.

அமெரிக்காவில் தலைக்காயம்பட்ட 1,213 பேரிடம் இந்த மருந்தைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு சிட்டிகோலின், மறு பாதிக்கு வெற்று மருந்து, 90 நாள். 2012-ல் வந்த முடிவு: தேறியதில் வித்தியாசம் இல்லை.

புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கதையும் இதேதான். எலிக்குக் கொடுத்தால் மூளை வீக்கம் வடிந்தது; மனிதர்களிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளிலும் பலனில்லை என்று 2014-ல் தெரிந்தது. ஆய்வக எலிகளுக்கு வயது ஒன்று, அடி விழும் இடம் ஒன்று, வேகம் ஒன்று. நம் ஆட்களில் ஒருவர் 20 வயது, இன்னொருவர் சர்க்கரை நோயோடு 60. ஒருவருக்கு ரத்தக்கட்டு, இன்னொருவருக்கு நரம்பிழைகளே அறுந்திருக்கும்.

ஸ்டீராய்டு விஷயம் இன்னும் கசப்பானது. தலைக்காயத்துக்குப் பல வருடம் நம்பிப் போட்ட ஊசி. 10,008 பேரிடம் நடந்த ‘கிராஷ்’ சோதனை 2004-ல் வெளியானது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டே வாரத்தில் 21.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். சோதித்துப் பார்த்ததால்தான் அந்த ஊசி நின்றது.

உயிரைக் காப்பதில் நேரம் முக்கியம் என்பதைத் தமிழக அரசு புரிந்துகொண்டிருக்கிறது. 2021-ல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பிழைத்தவர் வீடு திரும்பிய பிறகு என்ன?

இதற்கும் எலி ஆய்வுகளில் ஒரு குறிப்பு இருக்கிறது, மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டிய குறிப்பு. மூளை அடிபட்ட எலிகளை வெறுங்கூண்டில் விடாமல், துணை எலிகளும் விளையாட்டுச் சாமான்களும் உள்ள பெரிய கூண்டில் வைத்தால், வழி கண்டுபிடிப்பதை அவை நன்றாகக் கற்கின்றன.

அந்தக் கூண்டைப் போலத்தான், நான் போகும் ஒரு வீட்டில், பைக்கிலிருந்து விழுந்த மகன் முன்னால் அம்மா ஒரு முறத்தை வைக்கிறார். பச்சைப்பயறும் புளியங்கொட்டையும் கலந்து கிடக்கும், பிரிக்க வேண்டும். பாதியில் எதைப் பிரிக்கிறோம் என்பதே மகனுக்கு மறந்துவிடும், எரிச்சலில் முறத்தைத் தள்ளிவிடுவார். அம்மா பொறுக்கிப் போட்டு, “கொட்டையை மட்டும் எடுப்பா” என்பார். நடை என் பொறுப்பு, சரியாகிக்கொண்டு வருகிறது. ஞாபகம், பேச்சு, கோபம்? அந்த அம்மாவுக்குச் சொல்லித்தர ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேண்டும், பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். தாலுகா ஊர்களில் அவர்களை எங்கே தேடுவது?

வீட்டுக்கே பிசியோதெரபி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஏற்கெனவே இருக்கிறது. தலைக்காயக்காரர்களுக்காக அந்தக் குழுவில் இந்த இருவரையும் சேர்க்க வேண்டும். எந்தப் பயிற்சி, எத்தனை மாதம் பலன் தருகிறது என்று நம் அரசு மருத்துவக் கல்லூரிகளே பெரிய அளவில் சோதிக்கலாம், நோயாளிகளுக்கா பஞ்சம்?

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதில் வலிப்பு மாத்திரையும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.